குறைந்தபட்சம் முப்பது

கூரைக்குக் கான்கிரீட் ஏற்றும் பம்புக்கு என்ன வாடகை என்று ஜெராக்ஸ்காரர் முதன்முதலாகத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தொலைபேசியில் கேட்டார், பம்புக்காரர் சொன்னார். "அரை நாளைக்கு இவ்வளவு. வந்து போற செலவு அதுக்குள்ளயே. நாளைக்கு வேணுமா, நாளன்னைக்கு வேணுமா?" அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் எனக்குச் சொல்வதற்குக் கதை இல்லை. அவருடைய அக்காவுக்கு ஒரு வீடு இருந்திருக்கும்.

ஜெராக்ஸ்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு மாடிப்படிக்கு அடியில், ஒரு மேசையும் ஒரு இயந்திரமும் அவரும் மட்டும் கொள்கிற கடை. விண்ணப்பங்களை நகலெடுத்தே ஆளானவர் என்பதால் காகிதத்தின் மேல் அவருக்கு அலாதி மரியாதை. முத்திரை விழுந்த தாளைத் தொடுவதற்கு முன்னால் கையைத் துடைத்துக்கொள்வார். வாயால் சொன்ன எதுவும் அவர் மனதில் பாதி பொய்யாகத்தான் பதியும். பம்புக்காரர் அத்தனை சீக்கிரம் விலை சொன்னதே அவருக்கு உறுத்தியது. யோசிக்காமல் சொல்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

அக்காவுக்கு அறுபத்தொன்று. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டருக்குள் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவள். பெற்றவர்கள் போன பிறகு தம்பியைப் படிக்கவைத்தவளும் அந்த நகல் இயந்திரத்தை வாங்கிக்கொடுத்தவளும் அவள்தான். ஓய்வு பெற்ற மறுவருடம் பக்கவாதம் வந்தது. கையும் பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பின, கால்கள் திரும்பவில்லை. இருவரும் குடியிருந்ததோ மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது.

ஒருமுறை மருத்துவமனைக்குப் போக நாலு பேர் அவளைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இளைப்பாற இறக்கிவைத்துவிட்டு, பீரோவை எப்படித் திருப்பினால் போகும் என்று பேசுவதுபோல அவளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அன்று திரும்பி மேலே வந்ததும் அக்கா சொல்லிவிட்டாள்: "இனிமே சக்கரத்துல உருண்டு வெளிய போனாப் போறேன். ஆள் தூக்கிப் போகமாட்டேன்." அதற்குப் பிறகு பதினாலு மாதம் அவள் தெருவைப் பார்த்ததெல்லாம் ஜன்னல் வழியாகத்தான்.

அதனால்தான் வீடு. ஓய்வுப் பணத்தில் அக்கா தன் பேரில் ஒரு துண்டு இடம் வாங்கினாள். ஒரு வண்டி மட்டும் போகிற சந்து. சந்து முட்டி நிற்கிற கடைசியில் அந்த இடம். தரையோடு தரையாக இரண்டு அறை, வாசலில் படியே இல்லாமல் ஒரு சரிவு. அந்தச் சரிவின் அளவை அவளே சொல்லி மேஸ்திரியிடம் எழுதிக்கொடுத்திருந்தாள். "சந்து முனைக் கடை வரைக்கும் நானே உருட்டிக்கிட்டுப் போகணும். ஒரு சோப்பு வாங்கணும். நானே திரும்பி வரணும்" என்பாள். வீட்டைப் பற்றி அவளுக்கு இருந்த ஆசை மொத்தமும் அந்தச் சோப்புதான்.

சுவர் எழும்பிவிட்டது. கூரைக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி, தயாராக இருந்தது. "மழைக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. ஏழு கன மீட்டர், ஒரே லாரி சரக்கு. பம்பு வந்துட்டா ஒரு மணி நேர வேலை" என்றார் மேஸ்திரி. சட்டியில் ஏற்றலாமே என்று கேட்டதற்கு, சட்டி தூக்குகிற ஆட்கள் எல்லாரும் பெரிய கட்டடங்களுக்குப் போய்விட்டார்கள் என்றார்.

"பம்புக்காரன் சொல்ற விலை சரியான்னு ஒரு அலுவலகத்துல கேட்டுட்டு வந்துடறேன்" என்றார் ஜெராக்ஸ்காரர்.

"கொடுத்துட்டுப் போடா" என்றாள் அக்கா. "விலை சொன்னான், நம்மகிட்ட இருக்கு. அப்புறம் என்ன?"

ஆனால் அவர் மனதில் ஒரு படிவம் இருந்தது. கான்கிரீட் பம்பு வாடகை நியாய நிர்ணய அலுவலகம் வெளியிட்ட எட்டுப் பக்கப் படிவம். வருடக்கணக்காக அதை நகலெடுத்து விற்றிருக்கிறார். வெற்றுப் படிவம் வாங்கிப் போனவர்கள் ஏராளம். நிரப்பிய படிவத்தை நகலெடுக்க வந்தவர் ஒருவர்கூட இல்லை. அது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. 'பம்பு வாடகையில் ஒருவரும் ஏமாறக் கூடாது' என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. நிர்ணய அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். அவரைப் போல ஒரு மரியாதையான மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அவர் செய்த அனைத்தையும் அந்த மரியாதையோடுதான் செய்தார் என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

"பம்புக்காரர் ஒரு விலை சொன்னாருங்க..." என்று ஆரம்பித்தார் ஜெராக்ஸ்காரர்.

அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். "என்ன விலைன்னு சொல்லிடாதீங்க. தெரிஞ்சா என் மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். சந்தையில என்ன விலைன்னு தெரியாமதான் நாங்க விலை நிர்ணயம் பண்றோம்."

எவ்வளவு நேர்மை என்று ஜெராக்ஸ்காரருக்குப் புல்லரித்தது.

"இடம் யார் பேர்ல இருக்கு?"

"அக்கா பேர்லங்க. அவங்களால நடக்க முடியாது."

"அடடா. பரவாயில்லை, வர இயலாமைச் சான்று ஒண்ணு வாங்கிடுங்க. அடுத்த அறைதான்."

"வாங்கிடறேங்க."

"அதுக்கு அவங்க நேர்ல வரணும். வர முடியலைங்கறதை நாங்க கண்ணால பார்க்கணும் இல்லையா?"

ஜெராக்ஸ்காரர் பேந்தப் பேந்த விழித்தார். அதிகாரிக்கு இரக்கம் வந்துவிட்டது. விண்ணப்பத்தில் தம்பியே கையெழுத்துப் போடலாம், வேலை முடிந்து முடிவுச் சான்று வாங்கும்போது மட்டும் அக்கா வந்தால் போதும் என்று சலுகை காட்டினார். ஜெராக்ஸ்காரர் கைகூப்பிவிட்டுப் படியிறங்கினார். அன்றைக்கு அவருக்கு இருந்த நிம்மதியை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

பிறகு அளக்க வந்தார்கள். சந்தின் அகலத்தை அளந்தார்கள். கூரையின் உயரத்தைத் தரையிலிருந்து மேலே ஒருமுறையும், மேலேயிருந்து தரைக்கு ஒருமுறையும் அளந்தார்கள். இரண்டுக்கும் ஒரு அங்குலம் வித்தியாசம் வந்ததால், அந்த ஒரு அங்குலம் எங்கே போனது என்று விசாரிக்க இன்னொரு நாள் வந்தார்கள். மேஸ்திரி வானத்தைப் பார்ப்பதும் அவர்களைப் பார்ப்பதுமாக நின்றார்.

பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது. கன மீட்டர் கணக்கில் பார்த்தால் பம்புக்காரர் கேட்டதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஜெராக்ஸ்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று நகல் எடுத்து, ஒன்றை அக்காவின் மடியில் வைத்தார். அக்கா முன்பக்கத்தைப் படிக்கவில்லை. முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவள். நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

"கீழ பொடி எழுத்துல ஒண்ணு இருக்கு பாரு. குறைந்தபட்சம் முப்பது கன மீட்டர்."

"நமக்கு ஏழுதானே வேணும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றாள் அக்கா.

மறுநாள் ஜெராக்ஸ்காரர் அதையே அதிகாரியிடம் கேட்டார். அதிகாரி அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார்.

"பம்பு ஒரு இடத்துக்கு வந்துட்டா, முப்பது கன மீட்டராவது அடிச்சாத்தான் அவங்களுக்குக் கட்டுப்படியாகும்னு எங்க நிபுணர் குழு சொல்லியிருக்கு. அதனால முப்பதுக்கு வாடகை."

"சரிங்க, முப்பதுக்கு வேணும்னாலும் கொடுத்துடறேன். ஏழு அடிச்சுட்டுப் போகட்டும்."

அதிகாரியின் முகம் மாறியது. "முப்பதுக்குக் காசு கொடுத்துட்டு ஏழு அடிச்சா, இருபத்து மூணுக்கு நீங்க ஏமாந்ததா ஆகும். அதைத் தடுக்கத்தானே இந்த அலுவலகமே இருக்கு? மன்னிச்சுக்கோங்க. ஏமாற உங்களுக்கு அனுமதி கிடையாது."

"அப்ப மிச்சம் இருபத்து மூணை நான் எங்கங்க கொட்டறது?"

"அது உங்க சுதந்திரம். அதுல நாங்க தலையிடமாட்டோம்."

இன்னும் மூன்று லாரிக்கு மேல் சரக்கு வாங்க வேண்டும். அக்காவின் ஓய்வுப் பணத்தில் கூரைக்கு என்று மிச்சம் இருந்தது ஒரு லாரிக்குத்தான். ஜெராக்ஸ்காரர் விரல் விட்டு எண்ணினார். விண்ணப்பத்தையே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார்.

"தாராளமா வாங்கிக்கலாம். ஆனா இங்க நிர்ணயம் பண்ணின வாடகையை வேணாம்னு சொன்ன இடத்துக்கு ரெண்டு வருஷம் எந்தப் பம்பும் வரக் கூடாதுன்னு விதி இருக்கு. வேணாம்னு நீங்க சுலபமா சொல்லிட்டா, பழைய விலையே நியாயம்னு ஆகிடும். அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்?"

அவர் அதைக் கேள்வியாகத்தான் கேட்டார். பதில் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பம்புக்காரரையே அழைத்துக்கொண்டு போனார். பருத்த, வெயிலில் கறுத்த மனிதர். அவருடைய பம்புக்கு உரிமம் கொடுத்ததும் இதே அலுவலகம்தான் என்பதால் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தார். முப்பது, ஏழு, இருபத்து மூன்று என்று அதிகாரி மூன்றாவது தடவையாக விளக்கியபோது பொறுமை போய்விட்டது.

"அப்ப ஒண்ணு செய்வோம் சார். குழாய் வாயைத் திருப்பி பம்புத் தொட்டியிலயே விட்டுடறேன். அதே சரக்கு சுத்திச் சுத்தி வரட்டும். முப்பது ஆனதும் நிறுத்திக்கலாம்" என்றார் எரிச்சலோடு.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "திரும்பச் சொல்லுங்க."

"விளையாட்டுக்குச் சொன்னேன் சார்."

"இல்லை, இல்லை. பம்பு வழியாப் போனதுதானே கணக்கு? எங்க போய் விழுந்ததுன்னு விதியில இல்லையே." அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இத்தனை வருஷத்துல தொழில் தெரிஞ்ச ஒருத்தர் எங்களுக்கு உதவி பண்ண வந்தது இதுதான் முதல் தடவை."

மூன்றே நாளில் சுற்றறிக்கை தயாரானது. 'சுழற்சி முறையில் குறைந்தபட்ச அளவை நிறைவு செய்தல்' என்று அதற்குத் தலைப்பு. பம்பின் ஒவ்வொரு தள்ளலையும் எண்ண வேண்டும். பத்துத் தள்ளல் ஒரு கன மீட்டர். இருபத்து மூன்று கன மீட்டருக்கு இருநூற்று முப்பது தள்ளல். அதை முதலில் முடித்துவிட்டுத்தான் கூரைக்கு ஏற்ற வேண்டும். கூரையை முதலில் போட்டுவிட்டால் பொதுமக்களுக்கு மிச்சத்தில் ஆர்வம் குறைந்துவிடும் என்பது அதிகாரியின் அனுபவம்.

"சார், சரக்கு இறுகிடும்" என்று பம்புக்காரர் கெஞ்சினார். "தண்ணி கலந்ததுலேர்ந்து ரெண்டு மணி நேரத்துல கூரை மேல இருக்கணும். வெயில்ல அதுகூடத் தாங்காது."

"அது சரக்கோட பிரச்சினைங்க. எங்க அதிகாரம் வாடகையோட நின்னுடுது" என்றார் அதிகாரி அடக்கமாக.

அந்த நாள் வந்தது. காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. பம்பு சந்துக்குள் வந்து வாசலின் ஓரமாக நின்றது. அதன் பின்னால் கான்கிரீட் லாரி, பீப்பாயைச் சுழற்றிக்கொண்டே பின்பக்கமாக வந்து நின்றது. அதிகாரி ஒரு மேசையோடும், எண்ணிக்கையாளர் என்று ஒருவரோடும் வந்தார். எண்ணிக்கையாளருக்குப் பேச்சு கிடையாது. பம்பு ஒருமுறை தள்ளினால் பதிவேட்டில் ஒரு கோடு போடுவார். அவ்வளவுதான் அவர் வேலை. அதில் அவர் கெட்டிக்காரர்.

குழாயின் வாயைத் தொட்டிக்குள் திருப்பிக் கட்டினார்கள். பம்பு தள்ளியது. தொட்டியிலிருந்து போன சரக்கு குழாயைச் சுற்றிக்கொண்டு அதே தொட்டியில் வந்து விழுந்தது. மேலே மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் கரண்டியும் கையுமாக, வெறும் கம்பிகளின் மேல் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பத்துத் தள்ளலுக்கு ஒருமுறை பம்பை நிறுத்தி மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். பம்புக்காரர் போட்டார், மேஸ்திரி ஏணியில் இறங்கி வந்து போட்டுவிட்டு மறுபடி ஏறினார், ஜெராக்ஸ்காரர் போட்டார். எண்பதாவது தள்ளலில் அதிகாரி தேநீருக்கு நிறுத்தினார். நூற்றிருபதில் பதிவேட்டின் பக்கங்கள் தீர்ந்துவிட்டன.

"கோடு போட்ட தாள் இல்லாம எண்ணக் கூடாது. அலுவலகத்துக்கு ஆள் அனுப்பணும்" என்றார் அதிகாரி.

"கொடுங்க, நான் நகலெடுத்துட்டு வர்றேன்" என்று ஜெராக்ஸ்காரர் அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். செருப்பு ஒன்று சந்திலேயே கழன்றுகொண்டது. கடையைத் திறந்து, இயந்திரம் சூடாகும்வரை அதைத் தட்டிக்கொண்டே நின்று, நாற்பது நகல் எடுத்தார். வாழ்நாளில் அத்தனை வேகமாக அவர் நகலெடுத்ததில்லை. அப்போதும், பழக்கதோஷத்தில், நாற்பது தாளையும் ஓரம் தட்டி அடுக்கித்தான் கொண்டுவந்தார்.

திரும்பி வந்தபோது தொட்டியில் சரக்கின் நிறம் மாறியிருந்தது. களகளவென்று விழுந்துகொண்டிருந்தது இப்போது கட்டி கட்டியாக விழுந்தது. லாரி ஓட்டுநர் பீப்பாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். பம்புக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். நூற்றெண்பது. இருநூறு. இருநூற்றுப் பதினொன்றில் குழாய் ஒருமுறை உதறியது, பிறகு அசையவில்லை.

"அடைச்சுக்கிச்சு சார். எதுவும் வரலை."

"பம்பு தள்ளுதா?"

"தள்ளுது. ஆனா வரலை."

"தள்ளினாப் போதும்" என்றார் அதிகாரி.

எண்ணிக்கையாளர் கோடு போட்டுக்கொண்டே போனார். இருநூற்று முப்பதாவது கோட்டைப் போட்டு அதன் கீழே அடிக்கோடும் போட்டார். அதே நேரம் லாரி ஓட்டுநர் கத்தினார். "என் பீப்பாய்க்குள்ள கல்லாயிடுச்சுன்னா முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஒதுங்குங்க எல்லாரும்!" பம்பை இரண்டடி நகர்த்தச் சொன்னார், லாரியின் பின்னால் சரக்கு வழியும் தகரக் கால்வாயைத் திருப்பினார், பீப்பாயை எதிர்ப்பக்கமாகச் சுழற்றினார். ஏழு கன மீட்டரும் வாசலில் இறங்கியது. அக்கா அளவெடுத்து எழுதிக்கொடுத்த சரிவு இருக்க வேண்டிய அதே இடத்தில், மார்பளவு உயரத்துக்கு, படுத்திருக்கிற எருமை மாதிரி ஒரு குவியல். மேஸ்திரி ஆட்களோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடி வந்தார். அதிகாரி கை நீட்டித் தடுத்தார்.

"யாரும் தொடாதீங்க. சுழற்சியில இருபத்து மூணு, இடத்துல இறக்கினது ஏழு." கணக்கைக் கூட்டிப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "சரியா முப்பது. இதுதான் அத்தாட்சி. முடிவுச் சான்று கொடுக்கிற வரைக்கும் இது இப்படியே இருக்கணும்."

சாயங்காலத்துக்குள் அது கல்லாகிவிட்டது.

ஜெராக்ஸ்காரர் மூன்று மாடி ஏறி வீட்டுக்குள் வந்தார். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்தபோது அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது ஆள் அப்படி அழுததைப் பார்க்க நன்றாக இல்லை.

"நான் போய் அங்க நின்னதாலதான் அக்கா. நீ அன்னைக்கே சொன்ன."

"காசுக்கு ஆசைப்பட்டு நீ போகலைடா" என்றாள் அக்கா. "தாள்ல இருந்தா அது சரியாத்தான் இருக்கும்னு நினைச்ச. அந்தக் கடையை உனக்கு வெச்சுக் கொடுத்தவளே நான்தானே." அவள் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். "அந்தக் குவியலை உடைக்க என்ன செய்யணும்?"

"முடிவுச் சான்று வரணும். அதுக்கு நீ நேர்ல வரணும்."

தம்பிக்கு அவளுடைய பதினாலு மாத வைராக்கியம் தெரியும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவளுக்கு நடந்தது ஞாபகம் வந்தது. வெறுங்காலில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரியை வரச் சொல்லு" என்றாள் கடைசியில். "நாலு பேரா வரட்டும். வழியில எங்கயும் இறக்கி வைக்கக் கூடாதுன்னு சொல்லிடு."

ஒன்பதாம் நாள், வானம் மூடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், அக்கா இறங்கினாள். மேஸ்திரியும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் அவளைச் சக்கர நாற்காலியோடு தூக்கினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்திருந்தாள். தம்பி முன்னால் படி படியாக இறங்கிக்கொண்டே "இன்னும் பத்துதான், இன்னும் எட்டுதான்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிப் படிகளில் மேஸ்திரி பிடியை மாற்றிக்கொண்டார். ஆனாலும் எங்கேயும் இறக்கிவைக்கவில்லை. பிறகு ஒரு சின்ன வேனில் ஏற்றிச் சந்துக் கடைசியில் இறக்கினார்கள்; வேன் திரும்பிப் போய்ச் சந்து முனையில் நின்றது.

அங்கே விழா ஏற்பாடாகியிருந்தது. அதிகாரியின் கார் சந்துக்குள் பின்பக்கமாக வந்து, குவியலுக்குப் பக்கத்தில் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பத்து நாற்காலிகள், ஒரு ஒலிபெருக்கி, ஒரு புகைப்படக்காரர். எண்ணிக்கையாளர் வந்திருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். அதிகாரி குவியலின் மேல் ஏறி நின்றார். மேடை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை.

"பெரியோர்களே" என்று ஆரம்பித்தார். "எங்கள் அலுவலகம் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் ஒரு சாதாரண மனிதன் பம்பு வாடகையை ஒரே நிமிடத்தில் தெரிந்துகொண்டான். நீங்களே சொல்லுங்கள், ஒரு நிமிட அவசரத்தில் நியாயம் கிடைக்குமா? இன்று அதே மனிதனுக்காகப் பதினோரு பேர் ஒரு மாதம் உழைக்கிறோம். இந்த வருடம் எங்களிடம் நூற்றுப் பதினான்கு விண்ணப்பங்கள் வந்தன. ஒருவர்கூட ஏமாறவில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். நூற்றுப் பதின்மூன்று பேர் கட்டடமே வேண்டாம் என்று போய்விட்டார்கள். கடைசிவரை எங்களோடு நின்றவர் இந்த அம்மையார் ஒருவர்தான். இவருக்காக முப்பது கன மீட்டர், ஒரு துளி குறையாமல், பம்பு வழியாகப் போயிருக்கிறது. நான் நிற்பது வெறும் கான்கிரீட்டின் மேல் அல்ல. உங்கள் நம்பிக்கையின் மேல் நிற்கிறேன்."

கைதட்டல். அவர் இறங்கி வந்து சான்றிதழை அக்காவின் மடியில் வைத்தார். புகைப்படம் எடுத்தார்கள். அக்கா அண்ணாந்து பார்த்தாள். சுவர்கள், அவற்றின் மேல் பலகை, பலகையின் மேல் துருவேறத் தொடங்கிய கம்பிகள். பிறகு குவியலைப் பார்த்தாள்.

"நான் எந்த வழியா உள்ள போகணும்?" என்று கேட்டாள்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். "இதையே செதுக்கி அழகா நாலு படி கட்டிக்கலாமே அம்மா. நல்ல உறுதியான அஸ்திவாரம்."

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். தன் கையால் நகலெடுத்து வந்த நாற்பது தாள்களும் ஜெராக்ஸ்காரரின் கண்முன்னால் வந்தன.

"உடைச்சுடறோம் சார். சான்று வந்துடுச்சே" என்றார் எப்படியோ.

"உடைக்கலாமே. உடைக்கிற இயந்திரத்துக்கு வாடகை நிர்ணயம் பண்ற அலுவலகம் எங்களுக்கு நேர் மேல, மூணாவது மாடியில இருக்கு. அங்கயும் நல்ல மனுஷங்க" என்றார் அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. அவருக்கு இன்னொரு விழா இருந்தது.

அக்கா சான்றிதழை மடித்து நாற்காலியின் ஓரத்தில் செருகினாள். சக்கரத்தில் கையை வைத்தாள். பிடிக்க வந்த தம்பியை வேண்டாம் என்று தலையசைத்து நிறுத்தினாள். காருக்கு முன்னால் நாற்காலியைத் திருப்பி, சந்தின் நட்டநடுவில், முனையைப் பார்த்து உருட்ட ஆரம்பித்தாள்.

கை பலவீனம், நாலு தள்ளுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். அதிகாரியும் எண்ணிக்கையாளரும் ஏறிய கார் பின்னால் வந்தது. ஒதுங்கிப் போக வழியில்லை. அவள் நின்றால் காரும் நின்றது, அவள் நகர்ந்தால் காரும் நகர்ந்தது. ஜெராக்ஸ்காரர் பக்கத்தில் நடந்தார். பதினாலு மாதத்துக்குப் பிறகு அக்காவின் முகத்தில் வெளிக்காற்று படுவதை அவர் பார்த்தார். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

சந்து முனைக் கடையில் அக்கா நின்றாள்.

"ஒரு சோப்பு. என்ன விலை?"

கடைக்காரர் சொன்னார். அவள் கொடுத்தாள். சோப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு திரும்பினாள். எதிரே, மூக்கோடு மூக்காக, அதிகாரியின் கார். அதற்கு அப்பால் சந்து, சந்தின் முடிவில் கல்லாகிப்போன குவியல். இந்தப் பக்கம் வேன். வேன் போய் நிற்கிற இடத்தில் மூன்று மாடி. அவள் எந்தப் பக்கமும் நகரவில்லை. சக்கரத்தைப் பூட்டினாள்.

அதிகாரி கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். குரலில் அதே மரியாதை. "அம்மா, கொஞ்சம் ஒதுங்கிக்கறீங்களா? எவ்வளவு நேரம் ஆகும்?"

அக்கா அவரைப் பார்த்தாள். முப்பது வருடம் கவுன்ட்டருக்குள்ளிருந்து பேசிய அந்தக் குரல், உயராத, கோபமில்லாத குரல், திரும்பி வந்திருந்தது.

"எனக்குத் தெரியலைங்க. என்னை நகர்த்த நாலு ஆள் வேணும். அவங்ககிட்ட நானே கூலி கேட்டா ஏமாந்துடுவேன். அதுக்கு எனக்கு அனுமதி இல்லை. நீங்க நிர்ணயம் பண்ணிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்."

மழையின் முதல் துளிகள் காரின் மேல் விழுந்தன. ஜெராக்ஸ்காரர் சந்தின் கடைசியில் இருந்த வெறும் கம்பிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி அக்காவின் தலைக்கு மேல் பிடித்தார். காருக்குள்ளே அதிகாரி எண்ணிக்கையாளரிடம் ஏதோ கேட்டார். எண்ணிக்கையாளர் மடியில் பையை வைத்துப் படிவம் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.